இரண்டு பிரவுசர் விண்டோக்களுக்கு நடுவே இழுத்துப் போடுதல்: முழுமையான வழிகாட்டி

ஒரே பக்கத்துக்குள் ஒரு அட்டையை இழுத்து வேறு பட்டியலில் போடுவதற்கு லைப்ரரிகள் ஏராளமாக இருக்கின்றன. ஒன்றை நிறுவி, ஒரு மதியத்துக்குள் வேலையை முடித்துவிடலாம். பக்கத்து மானிட்டரில் திறந்திருக்கும் இன்னொரு விண்டோவில் அதே அட்டையைப் போட வேண்டும் என்று யாராவது கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல், விண்டோவின் விளிம்பைத் தொட்டதும் நின்றுவிடும்.

காரணம் எளிது. அந்த லைப்ரரிகளில் பெரும்பாலானவை மவுஸ் அல்லது பாயின்டர் ஈவென்ட்டுகளைக் கவனித்து, ஒரு எலிமென்ட்டை சிஎஸ்எஸ் மூலம் நகர்த்துகின்றன. எலிமென்ட் தன் பக்கத்தைத் தாண்டி வெளியே போக முடியாது. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மவுஸ் அசைவுகளும் முதல் விண்டோவுக்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது விண்டோவுக்கு எதுவுமே தெரியாது.

விண்டோ எல்லையைத் தாண்டக்கூடியது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டிராக் அண்ட் டிராப் ஏபிஐ ஒன்றுதான். ஏனென்றால் அங்கே இழுப்பை நடத்துவது உங்கள் பக்கம் அல்ல, ஆபரேட்டிங் சிஸ்டம். 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வடிவத்தைப் பார்த்து, பின்னாளில் எச்டிஎம்எல்5 தரத்துக்குள் எழுதிச் சேர்த்தார்கள். அதனால்தான் அதில் இன்றும் சில விசித்திரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பாதி இந்த வழிகாட்டியில் குறுக்கே வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விண்டோக்களும் ஒரே செயலியின் இரண்டு பாகங்கள் என்று நினைத்து எழுதினால் நிரல் உடையும். ஒன்றையொன்று நம்பாத இரண்டு தனி நிரல்கள் என்று வைத்து எழுதினால் தாங்கும். அவற்றுக்கு நடுவே கடப்பது சில எழுத்துச் சரங்கள் மட்டுமே.

இனி ஒரு பணிப்பலகையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு விண்டோக்களில் இரண்டு பலகைகள். ஒன்றிலிருந்து ஒரு அட்டை மற்றொன்றுக்கு நகர வேண்டும்.

படி 1: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

வேறு ஒரு வழியும் உண்டு. சுட்டி திரையில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஸ்கிரீன்-எக்ஸ், ஸ்கிரீன்-ஒய் மதிப்புகளை வைத்துக்கொண்டு, சுட்டி எந்த விண்டோவின் மேல் இருக்கிறது என்று நாமே கணக்கிடலாம். ஒரே தளத்தின் விண்டோக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் பிராட்காஸ்ட்-சேனல் வழியாக இரண்டாவது விண்டோவுக்குத் தகவல் அனுப்பி, இழுப்பை முழுக்க நடிக்க வைக்கலாம். டெமோவில் அழகாக இருக்கும். ஆனால் ஒரு விண்டோ இன்னொன்றை மறைத்திருந்தால் எது மேலே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்ட வேலண்ட் என்ற முறை ஓடினால், திரையில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே விண்டோவுக்குத் தெரியாது. ஜூம் அளவு மாறினால் கணக்கு தப்பும். இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நாம் எடுக்கப்போகும் வழி இது: இழுப்புக்கு பிரவுசரின் சொந்த ஏபிஐ, பேச்சுவார்த்தைக்கு பிராட்காஸ்ட்-சேனல். இழுப்பு வேலை செய்ய சேனல் தேவையே இல்லை. இருந்தால் அனுபவம் மேம்படும், அவ்வளவுதான். சேனல் அறுந்தாலும் அட்டை போய்ச் சேரும்படி எழுதுவது நம் வேலை.

படி 2: அட்டையை இழுக்கத் தக்கதாக மாற்றுங்கள்

அட்டையின் எலிமென்ட்டில் டிராகபிள் என்ற பண்பைச் சேர்த்து, அதன் மதிப்பாக ட்ரூ என்று எழுத வேண்டும். பண்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மதிப்பை விட்டால் வேலை செய்யாது. டிசேபிள்ட் போல, பெயர் இருந்தாலே போதும் என்ற வகைப் பண்பு இது இல்லை.

படங்களும் இணைப்புகளும் இயல்பாகவே இழுபடக்கூடியவை. அட்டைக்குள் ஒரு முகப்படம் இருந்து, பயனர் அதன்மேல் பிடித்து இழுத்தால், உங்கள் அட்டைக்குப் பதில் படம் கிளம்பிவிடும். உள்ளே இருக்கும் படங்களுக்கும் இணைப்புகளுக்கும் டிராகபிள் மதிப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிடுங்கள்.

அடுத்தது டிராக்-ஸ்டார்ட் ஈவென்ட். இங்கே செய்ய வேண்டியவை இரண்டு: ஈவென்ட்டோடு வரும் டேட்டா-டிரான்ஸ்ஃபர் பொருளில் செட்-டேட்டா மூலம் தரவை வைப்பது, எஃபெக்ட்-அலவுட் என்பதில் என்னென்ன செயல்களுக்கு அனுமதி என்று சொல்வது. நகர்த்துவதும் நகலெடுப்பதும் வேண்டுமென்றால் காப்பி-மூவ் என்று வையுங்கள். எந்தத் தரவும் வைக்காமல் இழுப்பைத் தொடங்காதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலம் அப்படிப்பட்ட இழுப்பை ஆரம்பிக்கவே விட்டதில்லை.

படி 3: மூட்டையில் என்ன கட்டுவது

ஒரே பக்கத்துக்குள் வேலை செய்யும்போது பலரும் ஒரு குறுக்கு வழியை வைத்திருப்பார்கள்: இழுக்கப்படும் அட்டையை ஒரு குளோபல் மாறியில் போட்டுவிட்டு, போடும் இடத்தில் அதையே எடுத்துக்கொள்வது. இரண்டு விண்டோ என்றதும் அது செத்துப்போகும். இரண்டாவது விண்டோவில் அந்த மாறி காலியாக இருக்கும். ஆகவே தேவையான எல்லாம் டேட்டா-டிரான்ஸ்ஃபருக்குள் எழுத்தாகப் போக வேண்டும்.

ஒரே அட்டையை மூன்று வடிவங்களில் வையுங்கள்.

முதலாவது, உங்களுக்கே உரிய வகை. அப்ளிகேஷன்/எக்ஸ்-போர்டு-கார்டு என்பது போல ஒரு பெயரைக் கொடுத்து, உள்ளே விவரங்களை ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரு சரமாக வையுங்கள். பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில் எழுதுவது முக்கியம். செட்-டேட்டா வகைப் பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். நீங்கள் பெரிய எழுத்து கலந்து வைத்துவிட்டு, மறுமுனையில் அதே பெயரை டைப்ஸ் பட்டியலில் (வந்திருக்கும் வகைப் பெயர்களின் பட்டியல்) தேடினால் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. இந்த இடத்தில் பலருக்கு அரை நாள் போயிருக்கிறது.

இரண்டாவது டெக்ஸ்ட்/பிளெயின்: அட்டையின் தலைப்பு. மூன்றாவது டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட்: அட்டையின் முகவரி. இந்த இரண்டும் வேறு பிரவுசருக்கும் வேறு செயலிகளுக்கும் உதவும். சொந்த வகையை ஒவ்வொரு பிரவுசரும் தனக்கே உரிய ஒரு உறைக்குள் போட்டுத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. அதனால் குரோமில் வைத்ததை ஃபயர்ஃபாக்ஸ் பார்க்க முடியாது. சாதாரண எழுத்தும் முகவரியும் எங்கேயும் செல்லும். இன்னொரு பிரவுசரில் திறந்திருக்கும் உங்கள் பலகையில் வந்து விழுந்தால், முகவரியைப் பார்த்தே எந்த அட்டை என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஜேசனுக்குள் இவை இருந்தால் போதும்: அட்டையின் எண், அதன் பதிப்பு எண், இந்த ஒரு இழுப்புக்கென உருவாக்கிய தனி அடையாளம், எந்த விண்டோவிலிருந்து வருகிறது என்ற அடையாளம், அட்டையில் எந்தப் புள்ளியில் பிடித்தார் என்ற விவரம்.

கடைசி இரண்டிலும் ஒவ்வொரு பொறி இருக்கிறது. விண்டோ அடையாளத்தை, ஒவ்வொரு டேபுக்கும் தனியாக இருக்கும் சேமிப்பான செஷன்-ஸ்டோரேஜில் வைக்கத் தோன்றும். டேபை டூப்ளிகேட் செய்தால் அந்தச் சேமிப்பும் நகலாகிப் புது டேபுக்குப் போகும். இரண்டு விண்டோக்களுக்கும் ஒரே அடையாளம் கிடைத்து, வேறு விண்டோவிலிருந்து வந்த அட்டையை ‘இது நம்முடையதுதானே’ என்று நிரல் நினைத்துக்கொள்ளும். பக்கம் ஏறும்போது ஒரு சாதாரண மாறியில் புதிதாக உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், ரிலோட் ஆனால் மாறிப்போகட்டும்.

பிடித்த புள்ளியை பிக்சலில் அனுப்பாதீர்கள். ஒரு விண்டோ 100 சதவீத ஜூமிலும் மற்றது 150 சதவீதத்திலும் இருக்கலாம். அட்டையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பங்கு என்று, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக அனுப்பினால் மறுமுனை தன் அளவுக்கு ஏற்றபடி கணக்கிட்டுக்கொள்ளும்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. பயனர் அட்டையை எங்கே போடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. கை தவறி வேறு தளத்தின் மேல் விட்டால், உள்ளே இருக்கும் எழுத்து முழுவதும் அந்தத் தளத்துக்குப் போகலாம். லாகின் டோக்கன், வாடிக்கையாளர் விவரம் போன்றவை மூட்டைக்குள் வரவே கூடாது. எண்ணை மட்டும் அனுப்பி, விவரத்தை மறுமுனை தன் சொந்த லாகினோடு சர்வரிடம் கேட்டு வாங்கட்டும்.

படி 4: கூடவே வரும் படம்

சுட்டியோடு நகரும் மங்கலான படத்தை டிராக்-ஸ்டார்ட் நேரத்தில் பிரவுசர் ஒருமுறை பிடித்து ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிடும். அப்புறம் அதை மாற்ற முடியாது. வேறு படம் வேண்டுமென்றால் செட்-டிராக்-இமேஜ் இருக்கிறது. அதற்கு ஒரு எலிமென்ட்டைக் கொடுப்பதானால் அது பக்கத்தில் இருக்க வேண்டும். டிஸ்ப்ளே நன் போட்டு ஒளித்தால் படம் வராது. திரைக்கு வெளியே நகர்த்தி வைப்பது வழக்கமான தந்திரம்.

இழுக்கப்படும் மூல அட்டையை மங்கலாக்க டிராக்-ஸ்டார்ட்டுக்குள்ளேயே வகுப்பை மாற்றினால், பிடிக்கப்படும் படமும் மங்கிவிடலாம். அட்டையை அங்கேயே மறைத்தால் குரோமில் இழுப்பு தொடங்கிய நொடியிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து: அந்த மாற்றத்தை செட்-டைம்அவுட்டில் 0 மில்லிசெகண்டு கொடுத்துத் தள்ளிப்போடுங்கள்.

படி 5: மறுமுனையில் வரவேற்பு

இரண்டாவது விண்டோவில் டிராக்-என்டர், டிராக்-ஓவர், டிராக்-லீவ், டிராப் ஆகிய நான்கும் வரும். அட்டை கிளம்பிய மூல விண்டோவில் டிராக்-ஸ்டார்ட், டிராக், டிராக்-எண்ட் வரும். இரண்டும் கலக்காது.

எழுதாமல் விட்டால் போடவே முடியாத வரி ஒன்று உண்டு: டிராக்-ஓவரில் பிரிவென்ட்-டிஃபால்ட்டை அழைப்பது. இந்த ஏபிஐயில் ‘இங்கே போடக்கூடாது’ என்பதே இயல்பு நிலை. அந்த இயல்பைத் தடுத்தால்தான் ‘போடலாம்’ என்று பொருள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் அமைந்துவிட்டது. டிராக்-என்டரிலும் அதையே செய்துவிடுங்கள்.

எல்லா இழுப்புக்கும் கதவைத் திறந்துவிடக் கூடாது. டைப்ஸ் பட்டியலில் உங்கள் வகை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் அனுமதியுங்கள். முதலில் சொந்த வகை, இல்லையென்றால் யூஆர்ஐ-லிஸ்ட், அதுவும் இல்லையென்றால் ஃபைல்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். வேறொரு பக்கத்திலிருந்து ஒரு படத்தை இழுத்து வந்தால், சில பிரவுசர்கள் முகவரியோடு ஃபைல்ஸ் என்பதையும் சேர்த்தே காட்டும். ஃபைல்ஸை முதலில் பார்க்கும் நிரல், இணைப்பு வந்திருந்தும் கோப்பு வந்ததாக நினைத்து அப்லோடு செய்யக் கிளம்பிவிடும்.

இப்போது பலரும் முட்டிக்கொள்ளும் சுவர். டிராக்-ஓவர் நடக்கும்போது கெட்-டேட்டா வெற்றுச் சரத்தைத்தான் தரும். இது பிழை அல்ல, பாதுகாப்பு. சுட்டி கடந்து போகும் பக்கமெல்லாம் தரவைப் படிக்க முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிராக்-ஸ்டார்ட்டில் படிக்கவும் எழுதவும் முடியும், டிராப்பில் படிக்க மட்டும் முடியும், மற்ற நேரங்களில் வகைப் பெயர்கள் மட்டுமே தெரியும்.

அப்படியானால், போடுவதற்கு முன்பே அட்டையின் உயரத்துக்கு ஏற்ற வெற்றிடத்தைக் காட்டுவது எப்படி? இங்கேதான் பிராட்காஸ்ட்-சேனல் உதவுகிறது. இழுப்பு தொடங்கியதும் மூல விண்டோ ‘இந்த அடையாளத்தோடு ஒரு அட்டை கிளம்பியிருக்கிறது, அதன் வகை இது, உயரம் இவ்வளவு’ என்று சேனலில் அறிவிக்கட்டும். மற்ற விண்டோக்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். சேனலில் செய்தி வராவிட்டால் பொதுவான ஒரு உயரத்தைக் காட்டினால் போதும். சேனல் இல்லாமலே சமாளிக்க, குறிப்பை வகைப் பெயரிலேயே ஒட்டுபவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் வகைப் பெயர் வழியில் இருக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் தெரியும் என்பது நினைவில் இருக்கட்டும்.

டிராப்-எஃபெக்ட் என்பதில் மூவ் அல்லது காப்பி என்று வைக்க வேண்டும். அது மூல விண்டோ அனுமதித்த பட்டியலில் இல்லாவிட்டால், பயனர் பட்டனை விட்டாலும் டிராப் ஈவென்ட் வராது, டிராக்-லீவ்தான் வரும். ‘எல்லாம் சரியாக எழுதியும் டிராப் மட்டும் வரவில்லை’ என்ற புலம்பலுக்கு, பிரிவென்ட்-டிஃபால்ட்டை மறந்ததற்கு அடுத்தபடியாக இதுதான் காரணமாக இருக்கும்.

டிராக்-ஓவர் ஹேண்ட்லர் இலகுவாக இருக்கட்டும். தரத்தின்படி ஏறக்குறைய 350 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அது வரும், நடைமுறையில் இன்னும் அடிக்கடி வரலாம். சுட்டி அசையாமல் இருந்தாலும் வந்துகொண்டே இருக்கும். இடம் மாறியிருந்தால் மட்டும் திரையைத் தொடுங்கள்.

படி 6: மினுக்கும் விளிம்பு

போடும் பகுதிக்கு நிறம் கொடுத்தால் அது விட்டுவிட்டு மினுக்கும். பகுதிக்குள் இருக்கும் ஒரு குழந்தை எலிமென்ட்டின் மேல் சுட்டி போனாலும் தாய்ப் பகுதிக்கு டிராக்-லீவ் வந்து சேர்வதே காரணம். புதிய எலிமென்ட்டுக்கு டிராக்-என்டர் முதலில் வரும், பழையதற்கு டிராக்-லீவ் பிறகு வரும். இந்த வரிசையைப் பயன்படுத்தி ஒரு எண்ணியை வையுங்கள்: என்டருக்கு ஒன்று கூட்டுங்கள், லீவுக்கு ஒன்று குறையுங்கள், 0 ஆனால் நிறத்தை எடுங்கள். டிராப்பில் எண்ணியை 0 ஆக்க மறக்கக் கூடாது.

இழுப்பு நடக்கும்போதே நடுவில் ஒரு குழந்தை எலிமென்ட்டை நீக்கினால் இந்தக் கணக்கு தப்பிவிடும். அதனால், இழுப்பு முடிந்ததும் மூல விண்டோ சேனலில் ‘முடிந்தது’ என்று சொல்லட்டும், கேட்கும் விண்டோக்கள் எல்லாம் தங்கள் அலங்காரத்தைக் கலைத்துவிடட்டும்.

படி 7: டிராப்

முதல் வரியிலேயே பிரிவென்ட்-டிஃபால்ட். இல்லையென்றால் பிரவுசர் வந்த முகவரியையோ கோப்பையோ திறக்கப் போய், உங்கள் பலகையே காணாமல் போகலாம்.

அடுத்து, தேவையான எல்லாவற்றையும் அங்கேயே, உடனே கெட்-டேட்டா மூலம் படித்து மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லரை ஏசிங்க் ஃபங்ஷனாக எழுதி, ஒரு அவெய்ட்டுக்குப் பிறகு கெட்-டேட்டாவை அழைத்தால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். ஈவென்ட் முடிந்ததும் தரவுப் பெட்டி பூட்டப்படும்.

படித்ததை நம்பாதீர்கள். உங்கள் வகைப் பெயரில் எந்தத் தளமும் எதையும் வைக்கலாம். ஜேசனைப் பிரிக்கும்போது பிழை வரக்கூடும் என்று வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு புலமும் எதிர்பார்த்த வகையில் இருக்கிறதா என்று சோதியுங்கள். தலைப்பைத் திரையில் காட்ட இன்னர்-எச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட்-கன்டென்ட் போதும். முகவரியை ஏற்பதானால் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் தவிர வேறு எதையும் உள்ளே விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முகவரி ஒன்று இணைப்பாக உட்கார்ந்தால் ஆபத்து.

படி 8: நகர்த்தல் முடிந்தது என்று யார் சொல்வது

இந்த வேலையின் கடினமான இடம் இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்தவர்களும் இங்கே அட்டையைத் தொலைக்கிறார்கள்.

பயிற்சிப் பக்கங்களில் இப்படி இருக்கும்: டிராக்-எண்ட் வரும்போது மூல விண்டோ டிராப்-எஃபெக்ட்டைப் பார்க்கட்டும், மூவ் என்று இருந்தால் தன்னிடம் இருக்கும் அட்டையை அழித்துவிடட்டும். ஒரே பக்கத்துக்குள் இது ஓடும். இரண்டு விண்டோக்களில் இது வெடிகுண்டு.

ஏன் என்று பாருங்கள். இரண்டாவது விண்டோ அட்டையை வாங்கி சர்வருக்கு அனுப்புகிறது. அந்தக் கோரிக்கை முடியும்வரை டிராக்-எண்ட் காத்திருக்காது. மூல விண்டோ அட்டையை அழித்துவிடும், அரை விநாடி கழித்து மறுமுனையில் நெட்வொர்க் பிழை வரும். அட்டை இங்கும் இல்லை, அங்கும் இல்லை. இன்னொன்று: பயனர் அட்டையை ஒரு எழுத்துச் செயலியின் மேல் போட்டால், அந்தச் செயலி டெக்ஸ்ட்/பிளெயினை நகர்த்தலாக ஏற்றுக்கொண்டு மூவ் என்று பதில் சொல்லக்கூடும். உங்கள் பக்கத்துக்கு மூவ் என்ற சொல் மட்டும்தான் தெரியும், யார் சொன்னது என்று தெரியாது. தலைப்பு மட்டும் ஒரு ஆவணத்தில் உட்கார்ந்திருக்க, பணி முழுவதும் அழிந்துபோகும்.

ஆகவே டிராக்-எண்ட்டை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் உரிமை அதற்கு வேண்டாம்.

பாதுகாப்பான முறை இப்படிப் போகும். இழுப்பு தொடங்கும்போது மூல விண்டோ, அந்த இழுப்பின் அடையாளத்தை ‘நிலுவை’ என்று ஒரு பட்டியலில் போடும். அட்டை திரையில் மங்கலாக இருக்கும், நீக்கப்படாது. டிராப் வந்ததும் இரண்டாவது விண்டோ சர்வருக்கு ஒரே ஒரு கோரிக்கை அனுப்பும்: ‘இந்த எண், இந்தப் பதிப்பில் இருக்கும் அட்டையை, இந்தப் பலகைக்கு நகர்த்து.’ சேர்ப்பு ஒரு கோரிக்கை, நீக்கம் ஒரு கோரிக்கை என்று பிரிக்காதீர்கள். சர்வர் அதை ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது நடந்தால் முழுதாக, இல்லையென்றால் எதுவுமே நடக்காதபடி, முடிக்கும். பதிப்பு எண் மாறியிருந்தால் மறுக்கும். வெற்றி என்று பதில் வந்த பிறகுதான் இரண்டாவது விண்டோ சேனலில் ரசீது போடும்: ‘இந்த அடையாளம், வந்து சேர்ந்தது.’ அந்த ரசீதைப் பார்த்து மூல விண்டோ அட்டையைத் திரையிலிருந்து எடுக்கும்.

ரசீது முதலில் வருமா, டிராக்-எண்ட் முதலில் வருமா? இரண்டு விண்டோக்களும் தனித்தனி பிராசஸ்களில் ஓடலாம், எனவே எந்த வரிசையையும் நம்பி எழுதக் கூடாது. டிராக்-எண்ட் வந்து டிராப்-எஃபெக்ட் நன் என்றிருந்தால் மங்கலை நீக்குங்கள். மூவ் என்றிருந்து ரசீது இன்னும் வரவில்லையென்றால் சில விநாடிகள் காத்திருந்து, ‘இந்த அட்டை இப்போது எந்தப் பலகையில் இருக்கிறது’ என்று சர்வரிடமே கேளுங்கள். அது சொல்லும் பதில்தான் இறுதி. நடுவில் மூல விண்டோவை யாராவது மூடிவிட்டாலும் கவலையில்லை, அடுத்த முறை திறக்கும்போது சர்வரில் இருப்பதுதானே வரும்.

இழுப்பின் தனி அடையாளத்தை சர்வருக்கும் அனுப்புங்கள். நெட்வொர்க் தடுமாறி அதே கோரிக்கை இரண்டாவது முறை போனாலும், இது ஏற்கெனவே முடிந்தது என்று சர்வர் அறிந்துகொள்ளும்.

சர்வரே இல்லாத செயலியா? ஒரே ஆரிஜினில் (நெறிமுறை, தளப் பெயர், போர்ட் மூன்றும் ஒன்றாக) இருக்கும் விண்டோக்கள், பிரவுசருக்குள் இருக்கும் இன்டெக்ஸ்டு-டிபி என்ற ஒரே தரவுத்தளத்தைப் பகிர்கின்றன. நகர்த்தலை அதில் ஒரே டிரான்ஸாக்ஷனாக எழுதலாம். லோக்கல்-ஸ்டோரேஜில் டிரான்ஸாக்ஷன் கிடையாது, இந்த வேலைக்கு அது வேண்டாம்.

இழுப்பு நடக்கும்போதே மூல அட்டையின் எலிமென்ட்டை நீக்கவும் கூடாது. நீக்கினால் டிராக்-எண்ட் வராமலே போகலாம். ரியாக்ட் போன்றவற்றில், நேரலைப் புதுப்பிப்பு வந்து பட்டியல் மறுபடி வரையப்படும்போது இது சத்தமில்லாமல் நடக்கும். நிலுவையில் இருக்கும் அட்டையைப் புதுப்பிப்பு தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஆரிஜினும் புரொஃபைலும் வேறாக இருந்தால்

பிராட்காஸ்ட்-சேனல் ஒரே ஆரிஜினுக்குள் மட்டுமே பேசும். 2022 மார்ச்சில் வந்த சஃபாரி 15.4-க்குப் பிறகு முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் கிடைக்கிறது. ஆனால் ஒரு சாதாரண விண்டோவுக்கும் பிரைவேட் விண்டோவுக்கும் நடுவே அது வேலை செய்யாது. வேறு புரொஃபைலுக்கும் அப்படித்தான். இழுப்போ ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாகப் போவதால் இந்தச் சுவர்களைத் தாண்டிவிடும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு புரொஃபைலில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு. அட்டை முதலாவதிலிருந்து கிளம்பி இரண்டாவதில் விழுகிறது. சர்வருக்குக் கோரிக்கை இரண்டாவது கணக்கின் பெயரில் வரும். அந்தக் கணக்குக்கு மூலப் பலகையைத் தொடும் உரிமை இருக்கிறதா என்று சர்வர் பார்த்தே ஆக வேண்டும். ‘இழுக்க முடிந்ததே, அதனால் உரிமை இருக்கும்’ என்ற வாதம் செல்லாது. ரசீதும் இங்கே வராது. முன்பு சொன்ன, சர்வரிடம் கேட்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இது சரியாக முடியும்.

உங்களுடைய இரண்டு ஆரிஜின்களுக்கு நடுவே என்றால் இன்னொரு சங்கதி. சஃபாரி, சொந்த வகைத் தரவை அதே ஆரிஜினுக்கு மட்டுமே காட்டும். அங்கே யூஆர்ஐ-லிஸ்ட்தான் கைகொடுக்கும்.

படி 10: இழுக்க முடியாதவர்களுக்கு

இந்த ஏபிஐயில் விசைப்பலகையால் இழுப்பைத் தொடங்க வழியே இல்லை. 2023 அக்டோபரில் வெளியான, அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டுதலின் 2.5.7-ஆம் விதி, இழுப்பு இன்றியமையாத இடங்கள் போன்ற சில விலக்குகள் தவிர, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் ஒற்றைச் சுட்டியாலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. அட்டையில் ‘வேறு பலகைக்கு நகர்த்து’ என்ற மெனு வைத்தால் இது நிறைவேறும். பழைய பயிற்சிகளில் வரும் ஏரியா-கிராப்டு, ஏரியா-டிராப்எஃபெக்ட் பண்புகளைப் பார்த்தால் விட்டுவிடுங்கள், அவை கைவிடப்பட்டவை.

விசைப்பலகைக்காரர்களுக்கு எனக்குப் பிடித்த வழி கட்-பேஸ்ட். காப்பி, கட், பேஸ்ட் ஈவென்ட்டுகளில் வரும் கிளிப்போர்டு-டேட்டாவும் டேட்டா-டிரான்ஸ்ஃபர் வகைப் பொருள்தான், அதே செட்-டேட்டா, அதே கெட்-டேட்டா. மூட்டை கட்டும் ஃபங்ஷனையும் பிரிக்கும் ஃபங்ஷனையும் தனியாக எழுதி வைத்திருந்தால், விண்டோ விட்டு விண்டோ கட் செய்து ஒட்டும் வசதி சில வரிகளில் கிடைத்துவிடும். சிறிய திரையில் இரண்டு விண்டோக்களைப் பக்கம் பக்கமாக வைக்க முடியாதவர்களும் இதைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள்.

படி 11: சோதனை

தானியங்கிச் சோதனைகளில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நாமே உருவாக்கும் டேட்டா-டிரான்ஸ்ஃபர் பொருள் எப்போதும் படிக்கவும் எழுதவும் திறந்தே இருக்கும். அதை வைத்துப் போலி டிராக்-ஓவர் அனுப்பினால் கெட்-டேட்டா தரவைத் தந்துவிடும், சோதனை பச்சை காட்டும், உண்மையான பிரவுசரில் அதே நிரல் உடையும். போலி ஈவென்ட்டுகளை டிராப்பின் தரவுச் சரிபார்ப்பைச் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பை ஒரு மனிதர் கையால் இழுத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது.

பிழை தேடும்போது டிராக் ஹேண்ட்லர்களுக்குள் பிரேக்பாயின்ட் வைக்காதீர்கள். இழுப்பு நடுவில் தொங்கி, நீங்கள் பார்க்க வந்த நிலைமையே கலைந்துபோகும். இரண்டு விண்டோக்களின் கன்சோலிலும் ஈவென்ட் பெயர், டைப்ஸ் பட்டியல், டிராப்-எஃபெக்ட் ஆகியவற்றை எழுதவிட்டுப் பாருங்கள். டிராக்-ஓவரை மட்டும் வடிகட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேறெதுவும் கண்ணில் படாது.

கையால் பார்க்கும்போது இவற்றை விடாதீர்கள்: நடுவழியில் எஸ்கேப் அழுத்துவது, அட்டையை டேப் பட்டையில் இன்னொரு டேபின் மேல் நிறுத்தி, அது திறந்ததும் உள்ளே போடுவது, இரண்டு விண்டோக்களையும் வேறு வேறு ஜூமில் வைப்பது, குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு இழுப்பது, அட்டையை ஒரு எழுத்துச் செயலியில் போட்டுவிட்டு மூலப் பலகையில் அது இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. டிராப்புக்கு முன் டெவ்டூல்ஸில் இரண்டாவது விண்டோவின் நெட்வொர்க்கை ஆஃப்லைனில் போட்டும் ஒருமுறை செய்யுங்கள். அட்டை மங்கலாகி, சில விநாடிகளில் தன் பழைய இடத்தில் தெளிவாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் படி 8-இல் எங்கோ டிராக்-எண்ட்டின் பேச்சைக் கேட்டு அட்டையை அழிக்கும் வரி ஒன்று மிச்சம் இருக்கிறது.